இடது பக்கம்

குழந்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

சைக்கிளின் கைப்பிடி திமிறியது. சக்கரம் எதிலோ முட்டியது. அடுத்த கணம் சரளைக் கற்களில் முழங்கை உரச விழுந்து கிடந்தார்.

அதன் பிறகுதான் அழுகுரல் கேட்டது.

நான்கு வயதிருக்கும். காலில் மஞ்சள் ரப்பர் சப்பாத்து. உதட்டுக்குக் கீழே, நாடியில் தோல் கிழிந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கியது. தாய் ஓடிவந்து வாரி எடுத்தாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த லோஜினி தன் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கணவரைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் குழந்தையின் நாடியில் வைத்து அழுத்தினாள்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆற்றின் மேல் வெண்பனிப் புகார் கலையாமல் கிடந்தது.

இந்தப் பள்ளத்தாக்குப் பூங்காவுக்குள் கார் வராது. லொறி வராது. ஆற்றை ஒட்டிப் பதினான்கு கிலோமீற்றருக்கு வெறும் சரளைப் பாதை. நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் மட்டும்.

அவர்தான் இந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். தெருவில் சைக்கிள் ஓட்டப் பயப்படும் தனக்காகத்தான் என்று லோஜினி நினைத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் இந்த ஜெர்மன் நகரத்தில் பேருந்து ஓட்டியவர். ஜூலையில் வேலையை விட்டார். முதுகு நோவு என்றார்.

ஆகஸ்டில் காரை விற்றார். ரயில் இருக்கும்போது எதற்கு என்றார்.

அவள் எல்லாவற்றையும் நம்பினாள்.

"பாதை ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் கண்முன்னால்தான் இருந்தாள். மணிகூட அடிக்கவில்லையே!" தாய் ஜெர்மனில் கத்தினாள்.

லோஜினி முந்திக்கொண்டாள். "பிரேக் பிடிக்கவில்லை. மன்னியுங்கள். பிரேக் பிடிக்கவில்லை."

தாய் குழந்தையைக் கீழே இறக்கி, தன் காலோடு அணைத்து நிறுத்தினாள். விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தினாள். பிரேக்கை அழுத்தியபடி முன்னால் தள்ளினாள்.

சக்கரம் அசையவில்லை.

குழந்தை விசும்பலை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

அவர் எழுந்து நின்றார்.

"பிரேக்கில் பிழை இல்லை," என்றார். பேருந்துத் தரிப்பிடங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் திருத்தமாகிவிட்ட ஜெர்மன். "நான் பிள்ளையைக் காணவில்லை. எனக்கு இடது பக்கம் தெரியாது. கண்ணில் அழுத்தம். போன பார்வை இனித் திரும்பி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார்."

தாயின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"பிறகு ஏன் ஓட்டுகிறீர்கள்?"

அவர் தன் சைக்கிளைப் பார்த்தார்.

தாய் அதை நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கைக்குட்டையும் அதோடு போயிற்று. மஞ்சள் சப்பாத்து வெகுதூரம் வரைக்கும் தெரிந்தது.

லோஜினியின் கண்ணுக்குத் தெரிந்தது.

"எப்ப தொடக்கம்?"

"ஜூன்ல கண் சோதிச்சவங்கள். இனி பஸ் ஓடக் கூடாதெண்டு கடிதம் தந்திட்டாங்கள்."

"அப்ப முதுகு நோகேல்லையோ?"

அவர் தலையைக் குனிந்தார்.

நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்த தன் கைகளை அவள் பார்த்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஏன் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னட்ட ஏன் சொல்லேல்லை நீங்கள்?"

"சொல்லியிருந்தா நீர் என்னை இதிலயும் ஏற விட்டிருக்கமாட்டீர்."

அவர் சைக்கிளுக்காகக் கையை நீட்டினார். முதல் தடவை கை காற்றில் போயிற்று. இரண்டாம் தடவை கைப்பிடியைப் பிடித்தார்.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேர பாத்தாத் தெரியுது. நல்லாத் தெரியுது. ஓரம் மட்டுந்தான் கொஞ்சம் மங்கல். நீர் பயப்பிடாதையும்," என்றார்.

"முன்னுக்கு நிக்கிற அந்த வெள்ளைப் பட்டை மரத்தைப் பாருங்கோ. தலையைத் திருப்பக் கூடாது."

"என்னத்துக்கு?"

"பாருங்கோ."

பார்த்தார். சின்னப் பிள்ளை போல நிமிர்ந்து, அசையாமல் நின்றார். முழங்கைக் கிழிசலில் மண்ணும் இரத்தமும் ஒட்டியிருந்தன.

அவள் அவரின் இடது பக்கமாக ஓர் அடி விலகினாள்.

"இப்ப?"

"ஓம், தெரியுது."

இன்னோர் அடி. காலின் கீழ் சரளை நெரிந்தது.

"இப்ப?"

"ஓம்."

அடுத்த அடியில் பாதை முடிந்தது. அதற்கு அப்பால் ஈரப் புல். அதில் கால் வைத்தபோது சத்தம் வரவில்லை.

அவள் எதுவும் கேட்கவில்லை. புல்லிலேயே மெதுவாக நடந்தாள். அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவர் வெள்ளை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவளுடைய கேள்வி வரவில்லை.

"ஓம். இப்பவும் தெரியுது," என்றார்.

பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "நீர் அதில நிக்கிறது நல்லாத் தெரியுது, லோஜினி" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புகாருக்குள் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரோ நாயைக் கூப்பிட்டார்கள்.

அவள் சப்தமில்லாமல் புல்லிலேயே திரும்பி நடந்தாள். அவர் சொன்ன இடத்துக்கு, அவரின் இடது பக்கத்துக்குப் போனாள்.

அங்கிருந்து சரளையில் ஏறினாள். ஒவ்வோர் அடியும் கேட்கும்படி, காலை அழுத்தி அழுத்தி வைத்து அவரிடம் வந்தாள்.