எறும்பு நடந்த வயர்

ஈரத் தூரிகையைத் தளிருக்கு அடியில் கொடுத்து மெல்ல இழுத்தாள்.

பச்சைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றும் எள்ளில் பாதி இருக்குமா? இருக்காது. அசுவினிப் பூச்சி.

கிண்ணத்துச் சோப்புத் தண்ணீரில் அலசினாள். மறுபடி தளிர்.

"எடது பக்கம் ஒண்ண விட்டுட்ட பாரு."

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. சுவரில் மாட்டிய கேமராவிலிருந்து. மஸ்கட்டில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறான் அவள் கணவன் நல்லசிவம்.

விட்ட ஒன்றையும் எடுத்தாள்.

நாலடிக் கண்ணாடித் தொட்டி. கீழ்ப்பாதி தண்ணீர்; அதில் நகத்தளவு மீன்கள், உடம்புக்குள் இருப்பதெல்லாம் தெரிகிற குட்டி இறால்கள். மேல்பாதி கரை, அதில் பாசி, பெரணி, பெகோனியா, பாறை இடுக்கில் ஒழுகும் ஓர் அருவி. மூடி போட்ட காடு. போன விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டினான். காட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் கேமரா என்றான்.

கேமராவுக்குக் காடு தெரியும். காட்டைத் தாண்டி வாசற்கதவும் தெரியும்.

செருப்பை மாட்டினால் போதும், குரல் வரும். போன மாதம் ஒருநாள் அப்படித்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"பால் வாங்கங்க."

"நேத்துத்தான வாங்குன?"

மறுநாளிலிருந்து பால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டான்.

மருந்து அடிக்க முடியாது. ஒரு சொட்டு கீழே வடிந்தால் இறால் அத்தனையும் மல்லாந்துவிடும். கையால்தான் எடுக்க வேண்டும். இன்று எடுத்தால் நாளை காலை புதிதாக இருக்கும். பால்கனி மிளகாய்ச் செடியிலிருந்து வந்திருக்கும் என்றான் அவன். இருக்கும் என்றாள் இவள்.

பூச்சி வந்து பதினாறு நாள்.

பேப்பரில் அந்த விளம்பரம் வந்து பதினேழு நாள்.

வாழைக்கன்று திசு வளர்ப்புக் கூடம். மேட்டுப்பாளையம் ரோடு. ஆய்வக உதவியாளர் தேவை. அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும். வியாழக்கிழமை, காலை பதினொரு மணி.

இன்று வியாழன். மணி ஒன்பதேகால்.

சான்றிதழ் உறை அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. சமையலறையில் கேமரா இல்லை.

"பாட்டனி படிச்ச புள்ளைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறேன். ஒரு பூச்சிய ஒழிக்கத் தெரியல உனக்கு."

அவள் தூரிகையை அலசினாள்.

"எறும்பு இன்னும் ஏறுதா?"

"ஏறுதுங்க."

அசுவினி கழிக்கிற இனிப்பைக் குடிக்க எறும்பு வரும். மாடு மேய்ப்பதுபோல அதை மேய்க்கும். தின்ன வருகிற பூச்சிகளை விரட்டும். எறும்பை நிறுத்தினால் அசுவினி குறையும். அதையும் அவனேதான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டாள், இரண்டாம் ஆண்டுப் பாடத்தை.

"ஸ்டாண்டு காலுக்குக் கிண்ணத்துல தண்ணி?"

"நாலு காலுக்கும் இருக்குதுங்க."

"மோட்டார் வயரு? லைட்டு வயரு?"

"வாஸ்லின் தடவியிருக்குதுங்க. நீங்க பாக்கத்தான தடவுனேன்."

"அப்பறம் பறந்தா வருது?"

கேமராவுக்குள் மூச்சு கேட்டது. யோசிக்கிறான்.

அவள் அவசரப்படவில்லை. வீட்டையே பார்க்கிற கேமராவுக்குத் தன் வயர் மட்டும் தெரியாது.

"ஏ புள்ள. கேமரா வயரு எப்படிப் போகுது?"

தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"மூடி மேல உழுந்து, பின்னால பிளக்குக்குப் போகுதுங்க."

"அதப் பாரு."

எக்கிப் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை.

"ஆமாங்க. வரிசை கட்டிப் போகுது."

"பாத்தியா! மஸ்கட்டுல இருந்துக்கிட்டு நான் கண்டுபிடிக்கிறேன். பக்கத்துல நிக்கிற உனக்குத் தெரியல."

"எனக்கு எங்கீங்க தோணுச்சு."

"அதுக்கும் வாஸ்லினத் தடவு."

இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். பதினாறு நாளாக வைத்திருந்தாள்.

"தடவலாங்க. மண்ணக் கொண்டாந்து போட்டு, அது மேலயே நடந்து போயிருதுங்க."



பெகோனியாவின் பெரிய தளிர் சுருண்டுபோய் கேமராவைப் பார்த்து நின்றது.

"சரி. கேமராவ வயரோட கழட்டி வெச்சிரு. ரெண்டு நாளு. ரெண்டே நாளு. வழி இல்லீன்னா எறும்பு நின்னுரும். சனிக்கிழமை காலைல மாட்டிரோணும்."

"சரிங்க."

"வெளிய கிளிய போயிராத."

"இல்லீங்க."

பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

கூடம் அப்படியேதான் இருந்தது. அருவி ஒழுகிக்கொண்டிருந்தது. புடவையை மாற்றினாள். உறையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். மாட்டியவள், பழக்கத்தில், ஒரு கணம் நின்றாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரெண்டே நாளு.

செருப்புக் காலோடு திரும்பி வந்தாள். கேமராவை வயரிலிருந்து பிரித்து அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள்.

வயரை எடுக்கவில்லை.

அது கிடந்த இடத்திலேயே, மூடி விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அங்கே தடவியிருந்த வெல்லம் காய்ந்து பொருக்காகியிருந்தது. சமையலறைக்குப் போய்ப் புதிதாக ஒரு துண்டு ஒடித்து வந்தாள். நாக்கில் நனைத்து அதன் மேல் அழுத்தினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள் தளிரிடம்.

முதல் எறும்பு வந்து வாய் வைக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

பிறகு கதவைத் திறந்தாள்.