இடது வரிசை முதல் பெஞ்சு

"ஏட்டி, தலைய நேரா வை!"

வராந்தாவில் நின்றவளுக்குச் சுருக்கென்றது. டீச்சர் அதட்டியது அவள் மகளைத்தான்.

மகள் தலையை நேராக்கினாள். இனி எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அந்த மகராசிக்கு அது எங்கே புரியப்போகிறது?

பிள்ளைக்கு இடது கண் இடப்பக்கம் போகாது. பிறவியிலேயே அப்படி. அதனால்தான் முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கிறாள். திமிருமில்லை, ஒய்யாரமுமில்லை.

கண் டாக்டர் நேற்றுத் தெளிவாகத்தான் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம். தசையை நகர்த்தித் தைத்தால் தலை நேராக நிற்கும். ஆனால் அப்போதும் கண் இடப்பக்கம் முழுசாகப் போகாது.

அவசரமில்லை, வேறு வழியும் இருக்கிறது என்றார். பலகை வலப்பக்கம் இருக்கிற மாதிரி, வகுப்பில் இடது ஓரமாக உட்கார வையுங்கள். தலை தானாக நேராகும்.

இடது ஓரம் பையன்கள் வரிசை.

காலையில் கேட்டதற்கு டீச்சர் சொன்ன பதில் இன்னும் நெஞ்சில் எரிந்தது.

"பொம்பளப் பிள்ளைய பயலுவ கூடயா? நல்லாருக்கே! பேசாம ஆபரேஷனப் பண்ணிருங்கம்மா."

பெஞ்சை மாற்ற மாட்டார்களாம். பிள்ளை கண்ணில் கத்தி வைக்கலாமாம். நல்லா இருக்குதே நியாயம்!

செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே போனாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மகளின் பையை எடுத்து, இடது வரிசை முதல் பெஞ்சில் வைத்தாள்.

"தள்ளி உக்காருங்கடே."

பையன்கள் சிரித்தார்கள். ஆனாலும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

மகள் எழுந்து வந்தாள். உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள்.

தலை நேராக இருந்தது. யாரும் அதட்டவில்லை.

பெற்றவளுக்குப் பயம்தான். இருந்தும் வெளியே போகவில்லை.

டீச்சர் விறுவிறுவென்று வந்து கதவோரம் நின்றாள். கதவு இடப்பக்கச் சுவரில் இருந்தது.

"இசைவாணி, எந்திரி. ஒன் எடத்துக்குப் போ. இங்க என்னயப் பாரு!"

இடப்பக்கம் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளை தலையைத்தான் திருப்ப வேண்டும்.

அவள் திருப்பவில்லை.

பலகையில் இருந்த கணக்கை முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.