மேனேஜர் சாரின் டிப்ளமோ

மேனேஜரின் கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு, ஏ.சி. ஓடியும் கழுத்தில் வியர்வை வழிந்தது. பதவி உயர்வு வந்துவிட்டதாக்கும் என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் எட்டிப் பார்த்து வயிறெரிந்துவிட்டுப் போனார்கள்.

பதவியும் இல்லை, உயர்வும் இல்லை. கோட்டுக்குள் இருந்தவர் அந்த டயர் கம்பெனியின் குடோன் கிளார்க். பதினோரு வருஷமாகத் தற்காலிகம்.

மேனேஜர், ஜெனரல் மேனேஜராக வேண்டுமென்றால் வணிக நிர்வாகத்தில் டிப்ளமோ வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அவரும் ஆன்லைனில் சேர்ந்தார். சேர்ந்ததோடு அவர் படிப்பு முடிந்தது. வகுப்பில் உட்கார்ந்தது கிளார்க், அசைன்மென்ட் எழுதியது கிளார்க், பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொண்டதும் கிளார்க். இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. புரொபசரே கேமரா முன்னால் வந்து கேள்வி கேட்பார் என்று மெயில் வந்திருந்தது.

"முகத்தைப் பாப்பாங்களே சார்!" என்று காலையில் கிளார்க் கெஞ்சிப் பார்த்தார்.

"அடையாள அட்டைல இருக்கறது இருபது வருஷத்துக்கு முந்தின போட்டோய்யா. அதைப் பாத்தா என் பொண்டாட்டிக்கே என்னைத் தெரியாது. உன் பர்மனென்ட் ஆர்டரை டைப் அடிச்சு டிராயர்ல வெச்சிருக்கேன். பாஸானா கையெழுத்து. மாட்டிக்கிட்டா, நீ யாரோ நான் யாரோ!"

சொல்லிவிட்டு மேனேஜர் தலைக்கு டை அடிக்க சலூனுக்குப் போய்விட்டார். பட்டமளிப்பு போட்டோவுக்கு இப்போதே தயாராக வேண்டுமே!

திரையில் தேர்வாளர் தோன்றினார். தங்க விளிம்புக் கண்ணாடி, கறுப்புக் கோட்டு, முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையத் தடித்தடியாகப் புத்தகங்கள். கிளார்க் அவசரமாக அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டியதில் முழங்கை மேஜை மணியில் பட்டு 'டிங்' என்றது.

மணிச் சத்தம் கேட்டதும் கிளார்க் எழுந்து நின்றுவிட்டார். பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காரப் போனபோதுதான், திரையில் தேர்வாளரும் எழுந்து நிற்பது தெரிந்தது. மாணவன் நின்றால் தானும் நிற்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று கிளார்க்குக்குப் புல்லரித்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். தேர்வாளர் கையிலிருந்த தாளைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"சரக்குக் கையிருப்பை எப்படி நிர்வகிக்கணும்?"

மூன்று நாளாக உருப்போட்ட விளக்கம் போன இடம் தெரியவில்லை. கிளார்க் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "மழைக்கு முன்னாடியே டயர் வந்து இறங்கிடணும் சார். முதல்ல வந்தது முதல்ல போகணும். சோம்பேறித்தனப்பட்டு புதுசை முன்னால அடுக்கினா, பழசு சுவரோரமா கெடந்து வெடிப்பு விட்டுடும். அப்புறம் அது பூனை படுக்கத்தான் லாயக்கு."

"இப்படிச் சொன்னாத்தானே புரியுது!" என்றார் தேர்வாளர் உற்சாகமாக. பிறகு சட்டென்று முகத்தை இறுக்கமாக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். "ஊழியர்களுக்கு உற்சாகம் குறையாம எப்படிப் பாத்துக்கறது?"

"லீவு கேட்டா மூஞ்சியைச் சுளிக்காம குடுக்கணும் சார். வேலை செஞ்சது யாருன்னு மேலிடத்துல பேர் சொல்லணும். வேறென்ன சார் பெரிசா கேக்கப் போறாங்க?"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கக் கொஞ்சம் நேரமானது. அந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"ஒரு மேனேஜர், தனக்குக் கீழ இருக்கறவங்ககிட்ட ஒப்படைக்கவே கூடாத வேலை எது?"

கிளார்க்குக்குப் பதில் நன்றாகத் தெரியும். இதே தலைப்பில் நாலு பக்கம் எழுதி, மேனேஜருக்கு 'மிகச் சிறப்பு' வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு வரி சொன்னால் போதும், டிராயரில் இருக்கும் ஆர்டர் கையெழுத்தாகிவிடும். ஆனால் பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்குக் கடைசி ஒரு நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

"இந்தப் பரீட்சையை சார்!" என்று கத்தியேவிட்டார். "இதைத்தான் ஒப்படைக்கக் கூடாது! நான் மேனேஜரே இல்ல சார், குடோன் கிளார்க். அவர் சலூன்ல தலைக்கு டை அடிச்சுக்கிட்டிருக்கார். படிச்சது நான், எழுதினது நான், டிப்ளமோ மட்டும் அவருக்கு! என் வேலை போனாலும் போகட்டும். எல்லாத்தையும் எழுதிக்குங்க புரொபசர் சார்!"

கத்தி முடித்த பிறகுதான் டிராயரில் இருக்கும் ஆர்டர் ஞாபகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை.

தேர்வாளர் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோட்டின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே... புரொபசர் முழிச்சுக்கப் போறாரு!"