இடது ஸ்பீக்கர்

"டீ போடவா?" சோபாவில் கணவரின் இடப்பக்கம், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்.

பதில் இல்லை. அவர் கவனமெல்லாம் எதிரே இடுப்பளவுக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கர்கள் மேல்தான்.

"இடது பக்கம் சத்தம் கம்மிப்பா," என்றார் மெக்கானிக்கிடம்.

"இது மூணாவது தடவை சார். வயரை மாத்தியாச்சு, ஆம்ப்ளிஃபயரை மாத்தியாச்சு. இன்னிக்கு ரெண்டு ஸ்பீக்கரையும் இடம் மாத்தி வச்சுட்டேன். இப்பவும் இடது பக்கமா?"

"ஆமா."

"பெட்டிக்கு ஒண்ணுன்னா துடிச்சுப் போயிடுவாரு தம்பி," என்றாள் மனைவி. "பக்கத்துல ஒருத்தி கேட்டா பதில் வராது. சுவத்தோட பேசி அலுத்துப்போச்சு."

மெக்கானிக் யோசித்தான். "சார், ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. இப்ப எது கம்மி?"

அவர் திரும்பி நின்றார். "அட, இப்ப அந்த இன்னொண்ணு கம்மியாயிடுச்சே!"

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டான். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார். உங்க இடது காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

அவன் போய், கணவர் மறுபடி சோபாவில் உட்கார்ந்ததும் மனைவி எழுந்து, சோபாவைச் சுற்றி வந்து, கணவரின் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"டீ போடவா?"

"போடேன்," என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. "நீ இப்படிக் கேட்டு ரெண்டு வருஷம் இருக்குமே."