கைப்பிடிச் சுவரோரம்

அறையில் நால்வர் இருந்தோம். அப்பா கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில். அம்மா கட்டில் விளிம்பில், ஒரு காலைத் தொங்கவிட்டு. அக்கா ஜன்னல் திண்டில், மடியில் ஒரு துணிப்பையோடு. நான் கணினி முன்னால்.

அண்ணனுக்கு எழுதும் கடிதங்களை இப்படித்தான் ஆரம்பிப்பேன். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று முதலில் அவனுக்குத் தெரிய வேண்டும். சிறையில் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடினால் வீட்டுக்குள் வந்துவிடலாமாம்.

இந்தத் தடவை ஒரு படம் கேட்டிருந்தான்.

மாடியிலிருந்து சாயங்கால மலை. கைப்பிடிச் சுவரோரம் அவள் நிற்கட்டும், சின்னதாகத் தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தான். அவள் என்றால் அண்ணி. பார்க்க வரவே கூடாது என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டவனும் அவன்தான்.

அடியில் கோடு போட்டு இன்னொரு வரி. காலண்டர் படம் மாதிரி பண்ணி அனுப்பாதே, கண் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தவன். ஒரு படத்தில் எங்கே பொய் இருக்கிறது என்று, கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிவிடுவான்.

அடுத்த மாதம் அவனுடைய முன்விடுதலை மனு விசாரணைக்கு வருகிறது. அதுவரை அவன் மனம் கலங்கக் கூடாது. போன தடவை, ஸ்டூடியோவை விற்றுவிட்டோம் என்று கேட்ட அன்று, உள்ளே ஒருவனை அடித்து, கிடைக்க இருந்த விடுதலையைக் கெடுத்துக்கொண்டான்.

சாயங்கால வெளிச்சத்தில் வானத்தைப் பிடித்தால் சுவர் கரியாகிறது. சுவரைப் பிடித்தால் வானம் வெளுத்துப்போகிறது. அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று எடுத்து, மூன்றையும் கணினியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஹெச்டிஆர் என்று பெயர்.

கேமரா அண்ணனுடையது. ஸ்டாண்ட் அண்ணனுடையது. சொல்லிக்கொடுக்கத்தான் அண்ணன் இல்லை.

முதலில் சேர்த்ததில் மேகமெல்லாம் புகை பிடித்த சுவர் மாதிரி வந்தது. மலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு.

"என்னடா இது, மலைக்கு ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

அதைக் குறைத்தேன். அடுத்ததில் நிழலையெல்லாம் வெளிச்சத்துக்குத் தூக்கிவிட்டேன். சுவரின் விரிசல் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் பாசி தெரிந்தது. சிவப்பு ஸ்வெட்டருக்கு மேலே முகமும் தெரிந்தது.

அம்மா எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வேணாம்டா. அந்த இடம் இருட்டாவே இருக்கட்டும்."

வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவளுக்கு முகம் இருட்டாகத்தானே இருக்கும். நிழலை நிழலாக விடுவதுதான் இதில் கடைசியாகப் பிடிபடுகிற பாடம். தூக்க வசதி இருக்கும்போது தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

பிறகு இன்னொரு தொல்லை. மாடியில் காற்று. சுவரோரம் நின்றவள் மூன்று படத்திலும் மூன்று விதமாக நின்றிருந்தாள். சேர்த்தால் ஒருத்தி மூவராகத் தெரிந்தாள்.

"அந்தக் காத்துல சிலை மாதிரி யாரு நிப்பா?" என்றாள் அக்கா.

அசைவதை நீக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

மலை வந்தது. வானம் வந்தது, கொஞ்சம் கண் கூசுகிற மாதிரி, அப்படியே. இத்தனை சாயங்காலமாக நான் தேடியது அதுதான். ஆனால் சுவரோரம் யாரும் இல்லை.

அப்பா நாற்காலியை விட்டு எழாமலே பார்த்தார்.

"இதுதான் உள்ளபடி இருக்கு."

அம்மா தலையணை உறையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டு, நடுத்தரப் படத்திலிருந்து அவளை மட்டும் எடுத்து, சுவரோரம் மறுபடி நிறுத்தினேன். அச்செடுத்தேன். படம் கைமாறிக் கைமாறி அம்மாவிடம் போய் நின்றது. கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிருவானாடா?"

"மாட்டான்மா."

அவள் நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடிதத்தை எடுத்து வழக்கம்போல ஆரம்பித்தேன். அப்பா கதவோரம். அம்மா கட்டிலில். அக்கா ஜன்னல் திண்டில். நான் மேசை முன்னால்.

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அக்கா மடியிலிருந்த பையைத் திறந்து, சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து உதறினாள். அக்குளில் தையல் விட்டிருந்தது. அண்ணியின் அளவு அக்காவுக்கு என்றைக்கும் பற்றாது.

"பாரும்மா, கிழிஞ்சே போச்சு. நாளைக்கு அவ வந்து கேட்டா என் தலையத்தான் உருட்டுவா."

"வந்து கேக்கட்டும்," என்றாள் அம்மா.

அண்ணி பெட்டியோடு கிளம்பிப் போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. அலமாரியில் அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

கடைசி வரியை எழுதினேன். அண்ணி மாடியில்.

படத்தை உள்ளே வைத்தேன். அங்கே எப்படியும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் உறையை ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, கதவோரம் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.