தள்ளுவண்டி

"அப்பா, அந்த ஜீப் இன்னும் எவ்ளோ நாளைக்குத்தான் ஓடும்?"

பெங்களூரிலிருந்து என் மகன் உதய் போன் செய்தால் முதல் கேள்வி இதுதான். நான் சாப்பிட்டேனா என்பது இரண்டாவது.

"நான் ஓடுற வரைக்கும் ஓடும்டா. எஞ்சின் அப்படி!"

"எஞ்சின் சரிப்பா. பேட்டரி செத்துப்போய் எத்தனை நாளாச்சு? தெனம் யாராவது தள்ளினாத்தானே கிளம்புது? வித்துட்டு இங்க வந்துருங்க."

"வித்துட்டா இந்தத் தெரு ஜனம் எப்புடிடா ட்ரெய்னுக்குப் போகும்? பாவம், என்னையே நம்பிக்கினு கீது."

உதய் போனை வைத்துவிட்டான்.

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கம் மூடியபோது ஏலத்தில் எடுத்த ஜீப். சேறு, பாறை, சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேடு என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கிய வண்டி. நானும் லேசுப்பட்டவன் இல்லை. சுரங்க ஷாஃப்ட்டில் ஆட்கள் போகும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, இறக்கி ஏற்றும் எஞ்சினை ஓட்டியவன். ஜீப்பும் நானும் ஒரே ஜாதி. இரண்டு பேருக்கும் உடம்பு உறுதி, இரண்டு பேருக்கும் காலையில் இருமல்.

என் மனைவி பார்வதம்மா இருந்தவரை அதைத் 'தள்ளுவண்டி' என்றுதான் சொல்வாள். "சும்மா போவாதீங்க, ரெண்டு சீப்பு வாழைப்பழம் வெச்சி வித்துக்கினு வாங்க" என்பாள். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பதையே நான் விட்டுவிட்டேன்.

ஆனால் ஜீப்பை விடவில்லை. தினமும் காலையில், ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில் குரல் கேட்கும்.

"மாமா, ட்ரெய்னுக்கு லேட்டாவுது! வாங்க!"

எழுந்து, முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு போவேன். ஸ்டியரிங்கைப் பிடித்து ராஜா மாதிரி உட்கார்வேன். பின்னாலிருந்து தள்ளுவார்கள். ஜீப் உறுமியதும் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். கோரமண்டல் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்புவேன். ஒரு பைசா வாங்கியதில்லை. நான்தான் தர்மப் பிரபு ஆயிற்றே!

ஒரு விஷயம்தான் கொஞ்சம் இடித்தது. வாரத்துக்கு வாரம் ஆள் மாறினார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு சித்தார்த்தும் அவன் அக்காவும். இந்த வாரம் எதிர் வீட்டு ஜெயகரனும் அவன் மனைவி நிக்கோலும்.

"இன்னாம்மா, நீயும் பெங்களூர் வேலையா?" என்று நிக்கோலிடம் கேட்டேன்.

"இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் மாமா."

அத்தோடு விட்டுவிட்டேன். கே.ஜி.எஃப்.காரனிடம் 'ஷிப்ட்' என்று சொல்லிவிட்டால் போதும், எழுந்து வழிவிடுவானே தவிர மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டான்.

அன்று அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின் சீட்டில் கடகடவென்று சத்தம். பார்த்தால், நிக்கோலின் சாப்பாட்டு டப்பா.

அடடா, பெண் பகலெல்லாம் பட்டினி கிடக்குமே! வண்டியைத் திருப்பினேன். குழம்பு சிந்தியிருக்குமோ என்று மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த வெறும் டப்பா.

ஸ்டேஷனுக்குப் போனபோது ட்ரெய்ன் போயிருந்தது. வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் நிதானமாக டீயில் பன் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

பதற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஓடினேன்.

"ஐயோ, ட்ரெய்னை விட்டுட்டீங்களா? ஷிப்டுக்கு லேட்டாவுமே! கம்பெனியில இன்னா சொல்லுவாங்க?"

ஜெயகரன் பன்னை விழுங்க முடியாமல் விழித்தான். நிக்கோல் டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வீட்லயிருந்தே வேலை மாமா. இவரு ஆண்டர்சன்பேட்டையிலதான் கடைக்குப் போறாரு."

"அப்போ ஷிப்ட்டுன்னியே? எந்தக் கம்பெனி ஷிப்ட்?"

"உங்க ஷிப்ட்டுதான் மாமா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயகரன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அத்தை போனப்புறம் நீங்க கதவையே தொறக்கல. சாப்பாடு கொண்டாந்தாலும் வாணாம்னீங்க. ஒரு நாளு சித்தார்த் நெஜமாவே ட்ரெய்னுக்கு லேட்டாயிட்டு உங்க கதவைத் தட்டினான். நீங்க சட்டையை மாட்டிக்கினு வெளிய வந்தீங்க. ஜீப்பு கிளம்பினதும் சிரிச்சீங்க. அதான் தெருவே சேந்து ஷிப்ட் போட்டுக்கினோம். வாரத்துக்கு ரெண்டு பேரு."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் ஜீப்பின் முதுகில் நடந்ததுகூடத் தெரியவில்லை. இவர்களையெல்லாம் நான் சுமக்கிறேன் என்று மகனிடம் வேறு பீற்றிக்கொண்டேன்! வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகை வந்தது. கண்ணில் தூசி என்று சொல்லிவைத்தேன். அதையும் அவர்கள் நம்பியதுபோல நடித்தார்கள்.

"நாளைலேருந்து யாரும் வர வாணாம். நானே எழுந்துக்குவேன்."

"பேடா மாமா, அந்தப் பேச்சே பேடா" என்று கன்னடம் கலந்து மறுத்தாள் நிக்கோல். "ஷிப்ட்டை நிறுத்த நீங்க யாரு? மொதல்ல ஏறுங்க. எஞ்சினை அணைச்சிட்டீங்க, தள்ளணும்."

ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் வேடிக்கை பார்க்க, தள்ளினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உதய் வந்தான். 'வித்துடுங்க' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், புது பேட்டரியோடு வந்திருந்தான்.

"இனிமே யாரும் தள்ள வேணாம்பா" என்று மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே ஜீப் புதுமாப்பிள்ளை மாதிரி துள்ளியது.

திங்கட்கிழமை, வாசலில் குரல் கேட்பதற்கு முன்பே எழுந்தேன். முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு போய், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன்.