மூட்டைக்கு ஒரு நடை

"வந்துட்டாரு. மூஞ்சி வேணாம், காலை மட்டும் புடி" என்று கிசுகிசுத்தாள் திலகா.

உத்திரமேரூர் பஜார் தெருவில் நின்றிருந்த மினி லாரிக்குப் பின்னால் பதுங்கியிருந்த சிராஜுதீன், கைப்பையின் ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு கேமரா எட்டிப் பார்த்தது. கல்யாண வீடியோ எடுக்கும் ஞானதாஸிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது.

தொழுகை முடிந்து எதிரே வந்துகொண்டிருந்தவர் அரிசி மண்டி கிதர் முகம்மது. சிராஜுதீனைப் பெற்ற அத்தா.

"மாட்டுனா தோலை உரிச்சிடுவாரு திலகா."

"அப்ப மாட்டாம புடி!"

பெற்ற தகப்பனைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிக்கும் அளவுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம்? அவசரம்தான். சென்னையில் த்ரீ-டி அனிமேஷன் படித்துவிட்டு வந்த மகனுக்கும், கூடப் படித்த திலகாவுக்கும் கிதர் முகம்மது ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருந்தார். உள்ளூர் கேபிள் டிவியில் போட, மண்டிக்கு ஒரு விளம்பரம்.

"அரிசி மூட்டையே நடந்து வூட்டுக்கு வர்ற மாதிரி செய்யுங்க. அதப் பாத்து ஒங்கம்மா சிரிக்கணும். சிரிக்கலன்னு வையி, கம்ப்யூட்டர மூடி வச்சிட்டு கல்லாவுல வந்து குந்திடு. அப்பால ஒரு பேச்சு பேசக் கூடாது."

அம்மா உம்முல் குல்சும் சிரிப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. டிவி காமெடியைப் பார்த்து வீடே உருண்டு புரளும்போது, "இதுல இன்னா சிரிப்பு கீது?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போகிறவள். கல்லாவில் தன் பின்பக்கம் வேர்விட்டு மரமாகிவிடுவதைப் போல சிராஜுதீனுக்குக் கனவே வர ஆரம்பித்துவிட்டது.

மண்டியின் மாடிதான் இவர்களுடைய ஸ்டூடியோ. மூட்டைக்கு உருட்டுக் கண், அகல வாய், குட்டைக் கால் எல்லாம் வைத்து, மேலே கட்டிய சணலைக் குடுமியாக முடிந்து, பார்த்தவுடன் கொஞ்சத் தோன்றுகிற மாதிரி உருவாக்கிவிட்டாள் திலகா. அதை நடக்க வைப்பது சிராஜுதீனின் வேலை. பேஜார் அங்கேதான் ஆரம்பித்தது.

"மூட்டை எங்க நடக்குது? பேய் மாதிரி மெதக்குது! நான் ராப்பகலா செஞ்சத இப்டி நாசம் பண்ணிக்கினு கீறியே!" என்று திலகா கத்தினாள்.

"வெயிட்டு வர மாட்டேங்குது, நான் இன்னா பண்ண?" என்று அவனும் கத்தினான். "கனமான ஆளு ஒர்த்தரு, இடுப்ப இந்தாண்ட அந்தாண்ட ஆட்டிக்கினு வாத்து மாதிரி நடந்தா, அதப் பாத்து அப்டியே செஞ்சிடுவேன். அந்த மாதிரி ஆளுக்கு எங்க போறது?"

கீழே பொன்னி அரிசி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சண்டை நடந்தது.

மறுநாளே வழி பிறந்தது. பக்கத்துத் தெருவுக்குக்கூட டிவிஎஸ் ஃபிஃப்டியில் போகிற கிதர் முகம்மது, வண்டி மக்கர் பண்ணுகிறது என்று பள்ளிவாசலுக்கு நடக்க ஆரம்பித்தார். தொந்தி முன்னே வர, இடுப்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க, அச்சு அசல் மூட்டை! கல்லாவில் உட்கார்ந்த அத்தாவையே பார்த்து வளர்ந்த சிராஜுதீன் மலைத்துப் போனான். வயதாகிவிட்டதில் நடை இப்படி ஆகிவிட்டது போல என்று கொஞ்சம் வருத்தமும் பட்டான். பட்டுவிட்டு, கேமராவுக்கு ஓடினான்.

இதோ, பாதித் தெருவில் டேப் தீர்ந்துபோனது. பதறியடித்து வேறு டேப் மாற்றுவதற்குள், நல்லவேளையாக அவர் நின்று கைலியை அவிழ்த்து நிதானமாகக் கட்டினார். கேமரா மறுபடி ஓடியதும் அவரும் நடந்தார். அதிர்ஷ்டம் என்றால் இப்படியல்லவா அடிக்க வேண்டும்!

அந்த வாரம் முழுக்க ஒளிந்து ஒளிந்து பிடித்தார்கள். பிடித்ததை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு எட்டையும் மூட்டைக்கு மாற்றினான் சிராஜுதீன். விளம்பரம் தயாரானது.

அம்மா மாடிக்கு வந்து, ஊசி போட வந்தவளைப் போல விறைப்பாக உட்கார்ந்தாள். அத்தா பக்கத்து நாற்காலியில். திரையில் மூட்டை மண்டிப் படியிறங்கியது. ஆடி அசைந்து தெருவைக் கடந்தது. ஒரு வீட்டுக் கதவைத் தன் தொந்தியாலேயே தட்டியது.

அம்மாவின் உதடு துடித்தது. அவ்வளவுதான், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஐயோ, வவுறு வலிக்குது... மறுக்கா போடுடா!"

திலகா துள்ளிக் குதித்தாள். சிராஜுதீனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால், அத்தா சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்தபடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"இது யாரு நடைடா?"

சிராஜுதீன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நகர்ந்தான். ஊர் சிரிக்கப் போவது தன்னைப் பார்த்து என்று தெரிந்தால், மனிதர் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவனைக் கல்லாவில் கட்டிப் போட்டுவிடுவார்.

திலகாதான் முன்னே வந்தாள். "கோச்சிக்காதீங்க பாய். உங்க நடைதான். உங்களுக்குத் தெரியாம புடிச்சிட்டோம்."

"எனக்குத் தெரியாமயா?" கிதர் முகம்மது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "இதுங்க கேமராவுக்காக ஒரு வாரம் அப்டி நடந்து தொலைச்சதுல, இடுப்பே புட்சிக்கினு கீது. தைலம் எங்க குல்சும்?"